ஒரு மாதக் கோடை வகுப்புக்கு வெளிநாடு போய் வந்தால் பிள்ளைகளிடம் நிஜமாகவே ஏதாவது மாறுமா?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகள் பி.எஸ்சி. தாவரவியல், சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். மாலை நேரத்தில் நுங்கம்பாக்கம் மாக்ஸ்முல்லர் பவனில் ஜெர்மன் வகுப்புக்குப் போய் பி1 என்ற நடுத்தர நிலைத் தேர்வும் பாஸ் பண்ணிவிட்டாள். இப்போது ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகம் ஆகஸ்டில் நடத்தும் கோடை வகுப்புக்கு ‘டாட்’ (DAAD, ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) உதவித்தொகை கிடைத்திருக்கிறது. வகுப்புக் கட்டணமும் தங்கும் செலவும் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். விமான டிக்கெட்டுக்கும் ஒரு பங்கு தருகிறார்கள். மிச்சம் எங்கள் கையிலிருந்து.

வீட்டில் ஒரே பேச்சாக இருக்கிறது. “ஒரு மாசத்துல என்னத்தக் கத்துக்கிட்டு வந்துருவா, அந்தக் காசுக்கு நகையா எடுத்து வைக்கலாம்ல” என்கிறார் மச்சினர். மனைவிக்குப் பயம். மதுரை, சென்னை தவிர மகள் எங்கேயும் தனியாகப் போனதில்லை.

நான் அனுப்பத்தான் நினைக்கிறேன். ஆனால் எதை நம்பி அனுப்புகிறேன் என்பது எனக்கே தெளிவாக வேண்டும். போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் விவரமாகச் சொல்லுங்கள். “எக்ஸ்போஷர் கிடைக்கும்” என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் என்ன என்றுதான் கேட்கிறேன்.

நேர்ப்பேச்சு எழுதியது:

வைகைக்கரை ஐயா, மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாலு வாரத்தில் யாரும் மாறுவதில்லை. எங்கள் அலுவலகத்துக்கு வேலை கேட்டு வரும் பிள்ளைகளின் பயோடேட்டாவை நான் பார்க்கிறேன். கோடை வகுப்பு, குளிர்கால வகுப்பு, ஒரு வார ‘இமர்ஷன்’ என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். அங்கே என்ன படித்தாய் என்று கேட்டால் பதில் நிறைய பேருக்கு ஃபோட்டோவோடு நின்றுவிடுகிறது. “தன்னம்பிக்கை வளர்ந்தது சார்” என்பார்கள். எதில் வளர்ந்தது என்றால் சொல்லத் தெரியாது.

உங்கள் மகளுக்கு உதவித்தொகை கிடைத்திருக்கிறது, சந்தோஷம். போகட்டும். ஆனால் திரும்பி வரும்போது வேறு ஆளாக வருவாள் என்று நம்பி அனுப்பாதீர்கள். அந்த எதிர்பார்ப்பைப் பிள்ளை தலையில் ஏற்றுவதும் பாரம்தான்.

ஈசிஇ பையன் எழுதியது:

நேர்ப்பேச்சு அண்ணன் சொல்வதில் பாதிக்கு நானே சாட்சி. எங்கள் கல்லூரியில் ஒரு ஏஜென்சி மூலமாகப் பத்து நாள் ஐரோப்பா கூட்டிப் போனார்கள். எங்கள் வகுப்புப் பசங்கள் மட்டுமே ஒரு பஸ் நிறைய. சாப்பாடு நம்ம ஊர் சமையல், எங்கே போனாலும் கைடு. ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு லெக்சர், கடைசி நாள் சான்றிதழ். வீட்டில் கடன் வாங்கித்தான் கட்டினார்கள். அந்த ஊர்க்காரர் யாரிடமும் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசிய ஞாபகம் எனக்கு இல்லை.

ஆனால் ஐயா மகளுக்குக் கிடைத்திருப்பது அந்த மாதிரி இல்லை என்று நினைக்கிறேன். மொழி தெரிந்தால்தான் சேர்ப்பார்கள், தனி ஆளாகப் போகிறார். வித்தியாசம் உண்டு.

ஓடம்போக்கி எழுதியது:

வைகைக்கரை அப்பா, நான் திருவாரூர்ப் பக்கம். எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும்போது இதே ஹைடெல்பெர்க் வகுப்புக்கு, இதே உதவித்தொகையில் போய் வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேர்ப்பேச்சு சார் கேட்ட “எதில் வளர்ந்தது” என்ற கேள்விக்கும் சேர்த்துத்தான்.

முதலில் அடுப்படி. மாணவர் விடுதியில் எங்கள் தளத்துக்கே பொதுவாக ஒரு சமையலறை. யார் எந்த வாரம் துடைக்க வேண்டும் என்று கதவில் அட்டவணை ஒட்டியிருக்கும். காகிதம் ஒரு தொட்டி, பிளாஸ்டிக் உறை ஒரு தொட்டி, காய்த்தோல் ஒரு தொட்டி. பிளாஸ்டிக் பாட்டிலை எதிலும் போடக்கூடாது, கடையில் உள்ள மெஷினில் போட்டால் 25 சென்ட் திரும்ப வரும். இதெல்லாம் இரண்டே நாளில் பழகிவிடும், இதை வளர்ச்சி என்று சொல்ல மாட்டேன்.

நான் சைவம். ஊரிலிருந்து ஒரு சின்ன வாணலி கொண்டுபோயிருந்தேன். ஒருநாள் சாயந்திரம் வந்து பார்த்தால், பக்கத்து அறை ஜார்ஜியா நாட்டுப் பெண் அதில் பன்றிக்கறி வறுத்துக்கொண்டிருந்தாள். வீடாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், அம்மாவிடம் சொல்வேன், அம்மா போய்ச் சொல்வார். எனக்காகப் பேச எப்போதும் யாராவது இருந்தார்கள். அங்கே யாரும் இல்லை. இருந்தது நானும் என் பி1 ஜெர்மனும்தான். அந்த மொழியில் கோபத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லவும் வராது, குத்திப் பேசவும் வராது. “இது என்னுடையது. நான் கறி சாப்பிடுவதில்லை. அதனால் இதில் கறி சமைக்கக் கூடாது. எனக்கு வருத்தமாக இருக்கிறது.” இவ்வளவுதான் வந்தது. அவள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள், மறுநாள் புதுப் பாத்திரம் ஒன்று வாங்கி வந்து வைத்தாள். மாத முடிவில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் சமைத்தோம்.

ஒரு ஆளிடம் நேருக்கு நேர், கோபப்படாமல், இது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல நான் கற்றுக்கொண்டது அந்த அடுப்படியில்தான். ஊருக்கு வந்த பிறகு என் ஆய்வு வழிகாட்டியிடமும் பேசினேன், அத்தையிடமும் பேசினேன். இரண்டுமே முன்னால் என்னால் நினைத்துப் பார்க்க முடியாதவை.

அடுத்தது வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்கலாமா என்று ஒரு விவாதம் வந்தது. ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1919 வைமர் அரசியல் சட்டத்தின் 139ஆம் பிரிவை இப்போதைய சட்டத்திலும் அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். வகுப்பில் இருந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லோரும், இது பழைய காலத்துப் பழக்கம், திறந்து வைக்க வேண்டும் என்றார்கள். ஆசிரியருக்கும் அதே எண்ணம் என்று பேச்சில் தெரிந்தது. என் அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் தூங்கி நான் பார்த்ததில்லை. கையைத் தூக்கி அதைச் சொன்னேன். இலக்கணம் தப்பாகத்தான் வந்திருக்கும். ஆசிரியர் அதை அப்படியே போர்டில் எழுதி, “நாளைக்கு இதை வைத்துப் பத்து நிமிடம் பேசு” என்றார்.

ஆசிரியருக்கு எதிராகப் பேசினால் ‘வாயாடி’ என்றே கேட்டு வளர்ந்தவள் நான். எதிர்த்துப் பேசியதற்கு வீட்டுப்பாடம் கிடைத்தது அதுதான் முதல் முறை. அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து தயாரித்தேன். அப்பாவுக்குப் போன் போட்டு, கடையை எத்தனை மணிக்குத் திறக்கிறார், மூடுகிறார், கடைசியாக எப்போது லீவு விட்டார் என்று எல்லாம் கேட்டேன். இவ்வளவு வருஷத்தில் அவர் வேலையைப் பற்றி அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அவருக்கும் ஆச்சரியம்.

ஹைடெல்பெர்க் என்றால் வேதியியல்காரர்களுக்கு புன்சன். பிரதான கடைவீதியிலேயே சிலை இருக்கிறது. 1850களில் அவர் அங்கே பேராசிரியராக இருந்தபோதுதான் லேபில் எரிக்கும் புன்சன் பர்னர் வந்தது. அதைச் செய்து கொடுத்தவர் பல்கலைக்கழகத்துக்குக் கருவிகள் செய்துவந்த டெசாகா என்பவர். அதே ஊரில் புன்சனும் இயற்பியலாளர் கிர்க்ஹாஃபும் சேர்ந்து, சுடரின் நிறத்தை முப்பட்டகத்தில் பிரித்துப் பார்த்து சீசியம், ருபீடியம் என்று இரண்டு தனிமங்களையே கண்டுபிடித்தார்கள். ப்ளஸ் டூ செய்முறைத் தேர்வில் செங்கல் சிவப்பு கால்சியம், பச்சை பேரியம் என்று நாம் மனப்பாடம் செய்தோமே, அந்தப் பாடம் முளைத்த தெரு அது. புத்தகத்தில் வரிகளாகப் படித்தது நிஜ மனிதர்கள் நடந்த தெருவாக முன்னால் நின்றபோது, ஆராய்ச்சி என்பது யாரோ செய்வது, நமக்கு எட்டாதது என்ற எண்ணம் எனக்குள் உடைந்தது. பிஎச்.டி. சேரலாம் என்று முடிவெடுத்தது அந்தச் சிலைக்குக் கீழே உட்கார்ந்துதான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதுதான் பெரியது. இப்போது லேப் போகிறேன், ராத்திரி வந்து எழுதுகிறேன்.

நேர்ப்பேச்சு எழுதியது:

ஓடம்போக்கி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். வாணலி விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். “எனக்காகப் பேச எப்போதும் யாராவது இருந்தார்கள்” என்ற வரி என்னை யோசிக்க வைத்தது. ஆனால் அதற்கு ஜெர்மனி எதற்கு? கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் போட்டாலும் பாத்திரச் சண்டை வரும்.

வடமராட்சியான் எழுதியது:

வணக்கம். நான் ஹம் நகரத்துக்குக் கிட்ட இருக்கிறன், ஜெர்மனிக்கு வந்து பல காலம். இந்தக் கதையை வாசிச்சுக்கொண்டு வந்தனான், ஒண்டு சொல்லவேணும் போல கிடந்தது.

பிள்ளை, நீங்கள் வந்த ஜெர்மனியும் நாங்கள் வந்து இறங்கின ஜெர்மனியும் ஒண்டில்லை. நாங்கள் எண்பதுகளில அகதியா வந்தம். பதிஞ்ச மாவட்டத்தை விட்டு வெளிய போறதெண்டால் அனுமதி எடுக்கவேணும். 1982இல கொண்டுவந்த சட்டம் அது. வேலை செய்யத் தடை. மொழி வகுப்பு எண்டு ஒருத்தரும் கூப்பிட்டு வைக்கேல்லை. மொழியைக் குசினியில கோப்பை கழுவிக் கழுவித்தான் பிடிச்சம். உங்களை மாதிரி வந்த உடன கையைத் தூக்கி “எனக்கு அப்பிடித் தோன்றேல்லை” எண்டு சொல்ல எங்களுக்கு எத்தினை வருசம் எடுத்தது.

குறை சொல்ல எழுதேல்லை. நீங்கள் அப்பிடிக் கதைச்சதை வாசிக்க எனக்குப் பெருமையாத்தான் இருக்கு. மதுரை ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்: மகள் வந்தால் பல்கலைக்கழகத்தோட நிக்காமல் எங்கட சனத்தையும் ஒருக்காச் சந்திக்கட்டும். ஹம் காமாட்சி அம்மன் கோயில் 2002இல கட்டி முடிச்சது, கோபுரத்தோட இருக்கு. தேர் ஆகஸ்டுக்கு முதலே முடிஞ்சிடும், அது பரவாயில்லை. ஒரே ஊரை மாணவரா வந்து பாக்கிறது ஒரு மாதிரி, அகதியா வந்து பாக்கிறது இன்னொரு மாதிரி. ரெண்டையும் கேட்டுக்கொண்டு போனால் அந்தப் பிள்ளைக்கு நல்லது.

வைகைக்கரை எழுதியது:

வடமராட்சியான் ஐயா, மகளிடம் கட்டாயம் சொல்கிறேன். உங்கள் எழுத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மனைவி கேட்டது, “அந்தப் பொண்ணு ராத்திரி எழுதுறேன்னுச்சே, எழுதிருச்சா?”

முன்னாள் பேராசிரியை எழுதியது:

முப்பது வருடம் கல்லூரியில் இருந்தவள் என்ற முறையில் ஒரு வார்த்தை. படிப்பின் நடுவில் மாணவரை வெளிநாடு அனுப்பும் வழக்கம் நூறு வருடப் பழசு. 1923இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் கிர்க்பிரைட் என்ற பிரெஞ்சு ஆசிரியர் எட்டு மாணவர்களைக் கப்பலேற்றி பிரான்சுக்குக் கூட்டிப்போனார். அது ஒரு முழு வருடப் படிப்பு. ‘டாட்’ அமைப்பே 1925இல் ஹைடெல்பெர்க்கில் மாணவர்கள் முயற்சியில் பிறந்ததுதான். அமெரிக்கா போய் வந்த கார்ல் யோவாகிம் ஃப்ரீட்ரிஷ் என்ற மாணவர், தன்னைப் போல மற்றவர்களும் போய்ப் படிக்க வேண்டும் என்று உதவித்தொகைக்கு அலைந்ததில் தொடங்கியது.

வருடம் சுருங்கி மாதமாகி, இப்போது வாரமாகிவிட்டது. நம் அரசும் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் 2024இல் 25 மாணவர்களை இங்கிலாந்தின் டரம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பியது. ஒரு வாரத்தில் பாடம் பெரிதாக ஏறாது. ஆனால் முதல் தலைமுறைப் பட்டதாரிப் பிள்ளைக்கு, “அந்த வகுப்பறையில் நானும் உட்கார முடியும்” என்று தெரிவதற்கு ஒரு வாரமே போதும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அதே ஒரு வாரம் ஒன்றும் செய்யாது. திட்டத்தை மட்டும் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது, யார் போகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

நேர்ப்பேச்சுக்கு: கோயம்புத்தூர் ஹாஸ்டலில் சண்டை வந்தால் வார்டன் தமிழில் தீர்த்து வைப்பார். அப்பா சாயங்காலமே பஸ் ஏறி வந்துவிடுவார். அந்த வழி அடைபட்டிருப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஓடம்போக்கி எழுதியது:

தாமதத்துக்கு மன்னிக்கவும். அம்மாவிடம் சொல்லுங்கள், எழுதிவிட்டேன்.

ஒருநாள் மத்தியானம் ஆசிரியர் எங்களை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனார். பழைய பாலம், கோட்டை, தப்பு செய்த மாணவர்களைப் பூட்டி வைத்த பழைய சிறை எல்லாம் பார்த்துவிட்டு, பல்கலைக்கழகச் சதுக்கத்தில் தரையில் பதித்திருக்கும் ஒரு தகட்டுக்கு முன்னால் நிறுத்தினார். 1933 மே 17 அன்று அந்த இடத்தில் புத்தகங்களை எரித்திருக்கிறார்கள். யூதர்கள், இடதுசாரிகள், நாஜிகளுக்குப் பிடிக்காதவர்கள் எழுதிய புத்தகங்கள். “எரித்தவர்கள் வெளியிலிருந்து வந்த ரவுடிகள் இல்லை. இந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள். உங்கள் வயதுக்காரர்கள்” என்றார். பிறகு தெருக்களில் நடக்கும்போது, சில வீட்டு வாசல்களில் பதித்திருக்கும் பித்தளைத் தகடு வைத்த சின்னச் சின்னக் கற்களைக் காட்டினார். அந்த வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவரின் பெயர், பிறந்த வருடம், எங்கே கொல்லப்பட்டார் என்பது அதில் இருக்கிறது. படிக்க வேண்டும் என்றால் குனிய வேண்டும்.

எங்களோடு இருந்த ஒரு மெக்சிகோ பையன் சும்மா கேட்டான், “உன் ஊரில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?” “இல்லை, எங்கள் ஊர் கோயில் ஊர், தேர் பிரசித்தம்” என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டிலிருந்து கீழ்வெண்மணி கொஞ்ச தூரம்தான். 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்தபோது நிலக்கிழார்களின் ஆட்கள் வெளியே பூட்டித் தீ வைத்தார்கள். 44 பேர். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். பேர் தெரியும், வருஷம் தெரியும். பஸ்ஸில் அந்தப் பக்கம் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒருநாளும் இறங்கியதில்லை. எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். ஏன் பேச மாட்டார்கள் என்று நானும் கேட்டதில்லை. எங்கள் குடும்பம் எந்தப் பக்கத்தது என்று தெரிந்தால் உங்களுக்கும் காரணம் புரியும்.

அந்தப் பையனிடம் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, கூடவே நடந்து வந்தான்.

ஊருக்கு வந்ததும் முதல் வாரமே கீழ்வெண்மணி போனேன். நினைவிடத்தில் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது தாத்தாவிடம் கேட்டேன், “அப்போ நீங்க எங்க இருந்தீங்க?” வீட்டில் பெரிய சண்டை. இரண்டு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறார். அவர் சொல்வதை நான் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேர்ப்பேச்சு சார், இதற்கு ஜெர்மனி எதற்கு என்று கேட்பீர்கள், எனக்குத் தெரியும். திருவாரூரிலிருந்து பஸ் எப்போதும் இருந்தது. ஒரு ஊர் தன் அவமானத்தை நடுத்தெருவில் பதித்து, வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டும் என்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. அதைப் பார்த்த பிறகு நம் மௌனம் எனக்குச் சகஜமாகத் தெரியவில்லை.

மாறாதவற்றையும் சொல்கிறேன். கூட்டத்தில் பேச இன்னமும் கூச்சம் உண்டு. போய் வந்த வேகத்தில் எல்லோரிடமும் நேரம் தவறாமை பற்றி உபதேசம் செய்தேன், அது ஒரு மாதத்தில் அடங்கிவிட்டது. ஜெர்மன் பேச ஆளில்லாமல் பாதி மறந்துவிட்டது.

நேர்ப்பேச்சு எழுதியது:

இரண்டு முறை படித்தேன். இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு மாதத்தில் ஒன்றும் மாறாது என்று என்னால் சொல்ல முடியாது. தாத்தா சொல்வதை எழுதுவதை நிறுத்தாதீர்கள். அவர் இருக்கும்போதே எழுதி முடியுங்கள்.

வைகைக்கரை ஐயா, இனி வேலை கேட்டு வரும் பிள்ளைகளிடம் “என்ன படித்தாய்” என்று கேட்கப் போவதில்லை. “வந்த பிறகு என்ன செய்தாய்” என்று கேட்கப் போகிறேன்.

ஈசிஇ பையன் எழுதியது:

அக்கா, நான் கரூர். எங்கள் ஊரிலும் பேசாத விஷயங்கள் இருக்கிறது. இதைப் படித்த பிறகு அம்மாச்சியிடம் கேட்கலாம் என்று தோன்றுகிறது.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மகளும் முழுவதையும் படித்துவிட்டாள். மச்சினரிடமும் போனைக் கொடுத்தேன். கீழ்வெண்மணி வரைக்கும் படித்தவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். நகைப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

அனுப்புகிறோம். டிக்கெட் போட்டாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை காலை ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறாள். மனைவிக்கு இரண்டு கேள்வி. அன்றைக்கே சமைக்க அரிசி, காய் வாங்க முடியுமா? தாவரவியல் பிள்ளைக்கு அந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?

ஓடம்போக்கி எழுதியது:

ரொம்ப சந்தோஷம் அப்பா.

ஞாயிறு என்றால் கடை கிடையாது, நான் வகுப்பில் வாதாடியதே அதற்காகத்தானே. பெரிய ரயில் நிலையம், விமான நிலையம் மாதிரி இடங்களில் மட்டும் சில கடைகள் திறந்திருக்கும், விலை அதிகம். முதல் நாளுக்குப் புளிக்காய்ச்சலும் கொஞ்சம் அரிசியும் பெட்டியில் வையுங்கள். பால், தயிர் சேர்ந்த எதையும் கொடுத்துவிட வேண்டாம், ஐரோப்பாவுக்குள் அவற்றுக்குத் தடை. பழைய ஊரில் ஒரு மாணவர் உணவகம் இருக்கிறது, பழைய ஆயுதக் கிடங்குக் கட்டடம். தட்டில் எடுத்துக்கொண்டதை எடை போட்டுக் காசு வாங்குவார்கள், சைவமும் இருக்கும்.

அவள் கட்டாயம் பார்க்க வேண்டியது தாவரவியல் பூங்கா. 1593இல் மூலிகைத் தோட்டமாகத் தொடங்கியது. இப்போது நொயன்ஹைமர் ஃபெல்ட் வளாகத்தில் இருக்கிறது. கள்ளி வகைகளும் அன்னாசிக் குடும்பச் செடிகளும் கண்ணாடிக் கூடங்களில் நிறைய, அனுமதி இலவசம். பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தில் தமிழே கற்றுத் தருகிறார்கள், அங்கேயும் ஒருமுறை போய் வரச் சொல்லுங்கள்.

அவளை எனக்குத் தனிச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள், ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து எங்கே ரயில் மாற வேண்டும் என்று எழுதித் தருகிறேன்.